இளமை மாத்திரை: ஒரு டப்பா முடித்துவிட்டு எழுதுகிறேன்

கோயம்புத்தூரிலிருந்து மைனி அனுப்பிவைத்த மாத்திரை. "இதச் சாப்ட்டுப் பாருளா, பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கும்" என்று போனில் அவ்வளவு ஆசையாகச் சொன்னாள். 60 கேப்சூல், விலை ரூ. 2,400. பாளையங்கோட்டையில் என் வயதுப் பெண்கள் பலர் இதைப் பற்றி விசாரிப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

சீல் ஒழுங்காக இருந்தது. காலாவதித் தேதி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் எல்லாம் உண்டு. முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'மூப்பைத் தள்ளிப்போடும்' என்று இருக்கிறது. டப்பாவைத் திருப்பிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பொடி எழுத்து. சட்டப்படி அதைப் போட்டே ஆக வேண்டும். இது உணவுப் பொருள் கணக்கில் விற்கப்படுவது. மருந்துக்கு நடக்கும் சோதனைகளைத் தாண்டி வந்ததல்ல.

எனக்குப் பெரிய குறை அதற்கும் கீழே இருக்கிற வரியில். ரெஸ்வெரட்ரால், திராட்சை விதைச் சாறு, மஞ்சள் சாறு, நெல்லிச் சாறு எல்லாம் சேர்த்து 'கலவை 750 மி.கி.' என்று முடித்துவிட்டார்கள். எது எவ்வளவு? ஒரு வார்த்தை இல்லை. 740 மில்லிகிராம் நெல்லிப் பொடியாகவே இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

ரெஸ்வெரட்ரால் கறுப்புத் திராட்சைத் தோலில் இருக்கும் சத்து. கொழுப்புத் தீனி தின்ற எலிகள் அதனால் கூடுதல் நாள் வாழ்ந்தன என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது, பேர் பரவியது. அமெரிக்காவின் தேசிய மூப்பியல் நிறுவனம் வழக்கமான தீனி தின்ற எலிகளுக்கு அதையே கொடுத்துப் பார்த்ததில் ஆயுள் கூடவில்லை. இந்த இரண்டாவது செய்தி எந்த விளம்பரத்திலும் வராது.

சாப்பிட்டதில் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்சைக் கரித்தது. எங்க வீட்டுக்காரருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவர் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு ரெஸ்வெரட்ராலும் மஞ்சள் சாறும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அதிகமாகலாம். அப்படி மருந்து எடுக்கிறவர்கள் தயவுசெய்து டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

எனக்கிருந்த உள்ளங்கால் மதமதப்பும் அசதியும் மூப்பு என்றுதான் மைனி இதை அனுப்பினாள். ஹைகிரவுண்டு பக்கம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், வைட்டமின் பி12 ரொம்பக் குறைவு. நாங்கள் சைவம், பால், தயிர் விட்டால் பி12-க்கு வேறு வழியில்லை. போதாததற்குச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அது வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12-ஐக் குறைக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த பி12 மாத்திரை இந்த டப்பா விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

இதற்குப் பதில் நெல்லிக்காய் லேகியம் வாங்கலாமே என்பார்கள். நல்லதுதான், ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது, அதில் இனிப்பு நிறைய. பாளை மார்க்கெட்டில் பச்சை நெல்லிக்காய் வாங்கி உப்புத் தொட்டுத் தின்னுங்கள். சாயங்காலம் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல். வயதானால் தசை கரையும், அதற்குப் புரதம் வேண்டும்.

ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம், அதுவும் சீலுக்கும் தேதிக்கும்தான். கலவையில் எது எத்தனை மில்லிகிராம் என்று கேட்டுக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.