ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்காவிட்டால் டூர் பணம் திரும்புமா?

கரீபியன் தீவான கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுனில் பெரிய சுற்றுலாக் கப்பல் (குரூஸ்) அணையும் துறை இல்லை. கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் இறக்குவார்கள். கடல் கொந்தளித்தால் கேப்டன் நிற்காமலே போய்விடுவார்.

விலை: கப்பல் கம்பெனி வழியே எடுக்கும் கரைச் சுற்றுலா (கப்பல் டூர்) பெரும்பாலும் கூடுதல், வெளி ஆட்களிடம் நேரடியாக எடுத்தால் குறைவு.

ரீஃபண்ட்: கப்பல் வழியே எடுத்த திருக்கைமீன் பார்க்கும் டூர் என்றால் பணம் பொதுவாகத் தானாகவே திரும்பிவிடும். வெளி ஆட்களிலும் பலர் 'கப்பல் வராவிட்டால் முழுப் பணம்' என்பார்கள். அது எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். '24 மணி நேரத்துக்கு முன் ரத்து' என்று மட்டும் இருந்தால், காலையில் கேப்டன் அறிவிக்கும்போது கெடு தாண்டியிருக்கும். கப்பல் வரும் நாளோ நேரமோ மாறினால் என்ன என்பதையும் கேட்டுவிடுங்கள்.

தாமதம்: டூர் முடிந்து திரும்பத் தாமதமானால், கப்பல் தன் டூருக்குக் காத்திருக்கும், மற்றதற்கு இல்லை.

குடும்பமாகப் பெரிய தொகை கட்டுபவர்களுக்குக் கப்பல் டூர். கப்பல் வராவிட்டால் முழுப் பணம் என்று கப்பல் பெயர், தேதி போட்டு எழுதித்தரும் உள்ளூர்க்காரர் கிடைத்தால் நான் அவரிடமே போவேன்.