இலைத் தேயிலைக்கு எந்தக் கெண்டி: கண்ணாடியா, எவர்சில்வரா, பீங்கானா?

நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை (தூளாக்காமல், மரபு முறையில் இலையைச் சுருட்டிப் பதப்படுத்தியது), பாலோடு சேர்த்துக் கொதிக்கவிடும் டீத்தூளைப் போன்றதன்று. வெந்நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஊறி விரிந்தபின், நீரிலிருந்து முழுவதுமாகப் பிரித்தெடுக்கப்பட வேண்டியது. அதற்கென ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கெண்டி தேடி, மூன்று வகைகளையும் பார்த்துவிட்டுப் பீங்கானை வாங்கினேன். என் சார்பும் அதன் பக்கமே.

எவர்சில்வர் உடையாது. ஆனால் ஒற்றைச் சுவர் கொண்ட மலிவான கெண்டியில் கைப்பிடியும் சுடும், தேநீரும் விரைவில் ஆறிவிடும். கண்ணாடியில் சாற்றின் நிறத்தைப் பார்த்தே ஊறலை நிறுத்த முடிவது உண்மையான வசதி. போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே என்பதால் கொதிநீரையும் தாங்கும். பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் இடித்துக்கொண்டால் மட்டும் அந்தக் குணம் துணைக்கு வராது.

இவற்றையெல்லாம்விட முடிவைத் தீர்மானிப்பது கழுவுவதுதான். மூக்கின் அடியில் துளைகள் மட்டுமே உள்ள பழைய பாணிப் பீங்கான் கெண்டியையும், மூக்குக்குள் கம்பிச்சுருள் செருகிய கண்ணாடிக் கெண்டியையும் நான் ஒரே காரணத்துக்காகவே ஒதுக்கினேன்: முதல் கோப்பையை ஊற்றியபின்னும் இலை உள்ளேயே கிடந்து மிச்சத்தைக் கசக்கச் செய்யும், நொறுங்கிய இலைத்துணுக்குகள் விரல் எட்டாத இடத்தில் அடைத்துக்கொள்ளும். ஆகவே பீங்கான் என்று நான் சொல்வது, கை நுழையும் அகன்ற வாயும், தூக்கி எடுக்கக்கூடிய எவர்சில்வர் வலைக்கூடையும் உள்ள கெண்டியைத்தான். கூடை ஏறக்குறைய அடிவரை இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டும் அரைக் கெண்டி போடும்போது நீர் இலையைத் தொடவே தொடாது. இலை பல மடங்கு உப்பும் என்பதால், சங்கிலியில் தொங்கும் சிறு வலையுருண்டை போதாது. ஊறியதும் கூடையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினால் சக்கை விழுந்துவிடும். வலையில் ஒட்டியதைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடலாம்.

கறை எந்தக் கெண்டியிலும் படியும். வழவழப்பான பூச்சுள்ள பீங்கானில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் தேய்த்தால் அது போய்விடும். ஆழ்துளைக் கிணற்று நீர் விடும் வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைச் சாறு வேண்டும். பீங்கானின் குறை, அது முதலில் நீரின் சூட்டைத் தானே உறிஞ்சிக்கொள்வது. இலை போடுமுன் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டிவிட்டால் போதும். சுவைப் பரிசோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலையும் வெண்பீங்கானையோ பூச்சிட்ட மண்கலத்தையோதான் கேட்கிறது; அதன் அளவு 100 மி.லி. நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். வீட்டுக்கு அது சற்றுக் கடுமை.

இருவருக்கு 500 மி.லி. போதும். கடையில் நீர் நிரப்பி ஊற்றிப் பார்க்க அனுமதித்தால், மூக்கு நுனியில் சொட்டு வழிகிறதா, சாய்க்கும்போது மூடி நழுவுகிறதா என்று பாருங்கள். நான் பெரும்பாலும் கறுப்புத் தேயிலையே குடிப்பவன். 80 டிகிரிக்கும் குறைந்த சூட்டில் ஊறவைக்கும் பச்சைத் தேயிலைக்குச் சூடு காப்பது அவ்வளவு முக்கியமில்லை என்பதால், அதை விரும்புவோருக்குக் கூடையுள்ள கண்ணாடிக் கெண்டியே பொருத்தமாக இருக்கலாம்.