மாடியில் நாட்டுக்கோழியா, கிரிராஜாவா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் மாடியில் நாலு கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பது இதுதான்: நாட்டுக்கோழியா, கிரிராஜா என்கிற கலப்பினக் கோழியா? நான் இரண்டையும் வளர்த்தவன். முதலில் மாநகராட்சியிலும் வீட்டு ஓனரிடமும் கேட்டுவிடுங்கள், கூண்டெல்லாம் அப்புறம்.

முட்டை: நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 இட்டாலே பெரிது. கிரிராஜா 130 வரை போகும். அது பெங்களூரிலேயே உருவாக்கிய இனம்.

தீனி: நாட்டுக்கோழி மிச்சச் சோறு, கீரைத்தண்டு, புழு என்று ஒப்பேற்றிவிடும். கிரிராஜா தின்னும் வேகத்துக்குத் தீவன மூட்டை சீக்கிரம் காலியாகும்.

இடம்: இதில்தான் வம்பே. நாட்டுக்கோழி மதில் தாண்டும். எங்களுடையது ஒருநாள் பக்கத்து மாடியில் காயப்போட்ட கூழ்வடாமை வரிசையாகக் கொத்தி வைத்தது. அந்த வீட்டு அக்கா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். இறக்கையின் இறகுகளை வெட்டிப் பார்த்தேன், முளைத்ததும் பழையபடிதான். கிரிராஜா கனமான உடம்பு, அவ்வளவாகப் பறக்காது.

அடை: நாட்டுக்கோழி 21 நாள் அசையாமல் உட்காரும். ஆனால் சேவல் இல்லாத வீட்டில் அது குஞ்சு பொரியாத வெறும் முட்டை, அடையில் இருக்கும்போது முட்டையிடுவதும் நின்றுவிடும். கிரிராஜா பெரும்பாலும் அடைக்கு உட்காராது.

வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழித் தொற்றுநோய் இரண்டையும் விடாது. குஞ்சுக்கு முதல் வாரத்திலேயே அதற்கான தடுப்புச் சொட்டு மருந்து போடுங்கள். சேவல் வேண்டவே வேண்டாம். முட்டைக்கு அது தேவையில்லை, விடியற்காலையில் கூவி அக்கம்பக்கத்தில் சண்டைதான் மிச்சம்.

ஒண்டுக்குடித்தனம், சின்ன மாடி என்றால் இரண்டு கிரிராஜா. கே.ஆர். புரம் தாண்டிக் காம்பவுண்டோடு மண்தரை இருந்தால் நாட்டுக்கோழி. நான் இப்போது கிரிராஜாவில்தான் இருக்கிறேன், வடாம் தகராறுக்குப் பிறகு.