முதல் பாடத்துக்கு கோதாரா, பிரெஸ்ஸோனா?

பிரெஞ்சு சினிமாவைக் கொஞ்சம் ஊன்றிப் படிக்கலாம் என்று கிளம்பினால், எல்லோரும் முதலில் கையில் கொடுப்பது இயக்குநர் கோதாரின் ‘பிரெத்லெஸ்’ (1960). நானும் அதில்தான் தொடங்கினேன். மூன்று மாதம் கழித்து இன்னொரு இயக்குநரான பிரெஸ்ஸோனின் ‘எ மேன் எஸ்கேப்ட்’ (1956) படத்துக்கு மாறினேன். இப்போது யார் கேட்டாலும் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

‘பிரெத்லெஸ்’ படத்தின் அருமை தெரிந்ததுதான். தெருவில் அலையும் கேமரா, ஜம்ப் கட் (ஒரே ஷாட்டின் நடுவே ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தாவும் வெட்டு), நடிகர்கள் பெல்மோந்தோ, ஜீன் செபெர்க். ஓடும் காரில் செபெர்க்கின் பின்னந்தலை மட்டும் தெரிய, பேச்சு தொடர்ந்துகொண்டே இருக்க, காட்சி மட்டும் துள்ளித் துள்ளி நகரும். அந்தத் துள்ளல் ஏன் அன்று புதிதாக இருந்தது என்று எழுத, அதற்கு முன் எப்படி வெட்டினார்கள் என்று தெரிய வேண்டும். ஹாலிவுட் நடிகர் போகார்ட்டின் புகைப்படத்தைப் பார்த்து நாயகன் ஏன் உதட்டைத் தடவுகிறான் என்று சொல்ல ஹாலிவுட் தெரிய வேண்டும். என் நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் எங்கோ படித்த வரிகள். நானாகக் கண்டுபிடித்தது கொஞ்சம்தான்.

நான் மாறியதற்குக் காரணமும் அதுதான். நாம் எழுதுவதற்கான சான்று படத்துக்குள்ளேயே கிடைக்கிறதா?

பிரெஸ்ஸோனிடம் கிடைக்கிறது. 1943, பிரான்ஸின் லியோன் நகரம், ஜெர்மானியர் கையிலிருந்த மோன்லுக் சிறை. தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார். ஆனாலும் நமக்குப் பதைபதைக்கிறது. எப்படி என்பதுதான் பாடம். முதல் காட்சியில் கைதி காரின் கதவுப்பிடியை நோக்கிக் கையை மெல்ல நகர்த்துகிறான். கார் நின்றதும் பாய்ந்து ஓடுகிறான். கேமரா அவன் பின்னால் போவதில்லை, சீட்டிலேயே நிற்கிறது. வெளியே துப்பாக்கிச் சத்தம். சற்று நேரத்தில் அவனைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். கடைசிப் பகுதியில் இருட்டில் ஒரு கிறீச் சத்தம் கேட்கிறது. என்னவென்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறகுதான் சைக்கிளில் சுற்றிவரும் காவலாளி கண்ணில் படுகிறான். முதலில் காது, அப்புறம் கண். இதைச் சொல்ல எந்தப் புத்தகமும் வேண்டாம். பத்து நிமிடப் பகுதியை ஒருமுறை திரையை மறைத்துக் கேளுங்கள், ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அப்புறம் எழுதுங்கள்.

என் பிரெஞ்சு தொடக்கநிலைதான். நாயகனின் பின்னணிக் குரல் சிறு சிறு வாக்கியங்களாக வருவதால் எனக்குப் பிடிபட்டது. மொழி நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கோதாரின் கொச்சைப் பேச்சே பெரிய புதையலாக இருக்கலாம். ‘தெகுலாஸ்’ (அருவருப்பானது என்பதற்கான கொச்சைச் சொல்) என்றால் என்ன என்று செபெர்க் கடைசியில் கேட்கும் கேள்வி ஒன்றே ஒரு கட்டுரைக்குத் தாங்கும். எடிட்டிங் கற்க வருகிறவர்களுக்கும் ‘பிரெத்லெஸ்’ பொருந்தலாம். நான் படம் எடுத்ததில்லை, அழுத்திச் சொல்ல முடியாது. பேச்சாலேயே நகரும், இன்னொரு பிரெஞ்சு இயக்குநரான ரோமரின் படங்களுக்கு இந்தக் காதுப் பயிற்சி எவ்வளவு கைகொடுக்கும் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.