அதிர்ச்சி அலையைக் கணினியில் பிடிக்க எந்த முறை?

ஒலியைவிட வேகமாக ஓடி, அழுத்தத்தையும் அடர்த்தியையும் சட்டென்று உயர்த்துவது அதிர்ச்சி அலை. கடல்மட்டக் காற்றில் ஓடும் வலுவான அதிர்ச்சி அலையின் தடிமன் மூலக்கூறுகளின் சராசரி மோதலிடைத் தூரத்தைப் போலச் சில மடங்குதான். ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது. கணக்கிடுவதற்காக இடத்தை நாம் கூறுபோடும் செல்களோ பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும். மாக் 3 (ஒலியைப் போல மூன்று மடங்கு வேகம்) அலை என்றால் அந்த மெல்லிய இடத்துக்குள் அழுத்தம் பத்து மடங்குக்கு மேல் தாவுகிறது, அடர்த்தி ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 1960இல் வந்த லாக்ஸ்–வென்ட்ராஃப் என்ற கணிப்பு முறையை அப்படியே இதன்மேல் ஓட்டினால் அலைக்குப் பின்னால் பொய்யான ஏற்ற இறக்கங்கள் வரிசைகட்டும். அவற்றை அடக்கத் தாவலைச் சிறிது மழுக்கத்தான் வேண்டும். எங்கே மழுக்குவது, எவ்வளவு மழுக்குவது என்பதில்தான் முறைக்கு முறை வேறுபாடு.

இவற்றில் மூத்தது செயற்கைப் பாகுநிலை. வான் நியூமனும் ரிச்ட்மையரும் 1950இல் முன்வைத்தது. பாய்மம் அமுக்கப்படும் இடத்தில் மட்டும் அழுத்தத்தோடு ஓர் உறுப்பைக் கூட்டுகிறார்கள். திசைவேக வேறுபாட்டின் இருமடிக்கு ஏற்ப அது வளரும். அலை வலுவானாலும் மெலிந்தாலும் சில செல்களுக்குள் அடங்கிவிடும். நிரல் எழுதுவது எளிது. பாய்மத்தோடு செல்களின் கட்டமும் சேர்ந்து நகரும் லக்ராஞ்சிய நிரல்களில் இன்றும் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் குணகத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சிக்கலுக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. சுவரில் மோதித் திரும்பும் அலையில், சுவரை ஒட்டிய செல்கள் அளவுக்கு மீறிச் சூடாகும் என்பதை 1987இல் நோ என்ற ஆய்வாளர் தெளிவாகக் காட்டினார். இந்தக் குறை அடுத்து வரும் கொடுனோவ் வகை முறைகளிலும் தலைகாட்டும்.

கொடுனோவ் 1959இல் சொன்ன வழி என் மனத்துக்கு நெருக்கமானது. இரண்டு செல்களின் எல்லையில் இடப்பக்க நிலையும் வலப்பக்க நிலையும் மோதினால் என்னென்ன அலைகள் பிறக்கும் என்ற ரீமான் கணக்கைத் தீர்த்து, எல்லையைக் கடக்கும் நிறை, உந்தம், ஆற்றலை அந்த விடையிலிருந்தே எடுப்பது. குணகம் எதையும் கையால் திருக வேண்டியதில்லை. ஒரு செல் இழப்பதை அடுத்த செல் அப்படியே பெறுவதால் அலையின் வேகமும் சரியாக வரும். இந்த வரவுசெலவு நேராக இல்லாத முறை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அலையைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும்.

1978இல் சாட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட குழாய்ச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நீளம் 1, நடுவில் தடுப்பு. இடப்புறம் அடர்த்தியும் அழுத்தமும் 1, வலப்புறம் 0.125, 0.1. தடுப்பை நீக்கி, நேரம் 0.2இல் பார்த்தால் அதிர்ச்சி அலை 0.85இல் இருக்க வேண்டும், இரு வாயுக்களின் தொடுபரப்பு 0.685இல். நூறு செல்களில் முதல்படி (செல் முழுதும் ஒரே மதிப்பு வைக்கும்) கொடுனோவ் முறை அதிர்ச்சி அலையைச் சில செல்களில் காட்டிவிடும். தொடுபரப்போ அதைவிடப் பல மடங்கு அகலமாகக் கரைந்து, நேரம் ஆக ஆக இன்னும் பரவும். அதிர்ச்சி அலையின் இருபுறத்திலிருந்தும் ஒலியலைகள் அதை நோக்கிக் குவிவதால், மழுங்கினாலும் அது தானே கூர்மை பெறுகிறது. தொடுபரப்பில் அப்படி எதுவும் குவிவதில்லை, கரைந்தது கரைந்ததுதான். ஒரு முறையின் தரத்தை அறிய நான் முதலில் பார்ப்பது தொடுபரப்பைத்தான்.

வான் லீர் 1979இல் தந்த மஸ்கல் முறை இங்கே கைகொடுக்கிறது. செல்லுக்குள் சரிவு வைத்து, தாவல் வரும் இடத்தில் லிமிட்டர் என்ற கட்டுப்படுத்தியால் அதைக் குறைக்கிறது. இதனோடு எந்த ரீமான் சால்வரை (ரீமான் கணக்கைத் தோராயமாகத் தீர்க்கும் வழியை) சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 1981இல் வந்த ரோ சால்வர் தொடுபரப்பைக் கூர்மையாக வைக்கும். ஆனால் வெப்பஇயக்க விதிக்கு முரணான விடையை விலக்கும் என்ட்ரோபித் திருத்தம் இல்லாவிட்டால், வாயு சீராக விரிய வேண்டிய இடத்தில் இயற்கையில் இல்லாத விரிவு அதிர்ச்சியைக் காட்டும், வெற்றிடத்தை நெருங்கினால் அடர்த்தி எதிர்க்குறிக்குப் போகக்கூடும். 1994இல் வந்த ஹெச்எல்எல்சி சால்வர் அதே கூர்மையைத் தருவதோடு, அலை வேகங்களைக் கவனமாக மதிப்பிட்டால் அடர்த்தியையும் அழுத்தத்தையும் நேர்க்குறியிலேயே வைத்திருக்கும். பொதுப் பயன்பாட்டுக்கு என் தேர்வு மஸ்கலுடன் ஹெச்எல்எல்சிதான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இதை நம்ப மாட்டேன். மழுங்கிய மூக்குள்ள பொருளின்மீது மிகையொலிக் காற்று மோதும்போது, முன்னால் நிற்கும் வில் வடிவ அதிர்ச்சி அலை கட்டத்தின் கோடுகளுக்கு இணையாக அமைந்தால், நடு அச்சில் புடைப்பு ஒன்று முளைக்கும். கார்பங்கிள் என்பது இதுதான். ரோ, ஹெச்எல்எல்சி இரண்டுமே சிக்கும். மழுக்குவதில் காட்டி, கூர்மையைத் தரும் அதே சிக்கனம்தான் அலையின் நெடுகே எழும் சிறு பிழைகளை அடக்காமல் விடுகிறது. மாக் 6 அலை நேரான குழாயில் ஓடும்போதே, நடுக்கோட்டுக் கட்டத்தை இம்மியளவு அசைத்தால் அலைமுகம் சிதைவதை 1994இல் குவிர்க் காட்டினார். அலை உள்ள செல்களில் மட்டும் கூடுதலாக மழுக்கும் ஹெச்எல்எல்இ சால்வருக்கு மாறுவதே அவர் சொன்ன வழி. சுவரை ஒட்டி உராய்வால் மெதுவாகும் மெல்லிய அடுக்கான எல்லைப்படலத்தில் ஹெச்எல்எல்இயை விட்டுவைக்கக் கூடாது. உராய்வும் வெப்பப் பாய்வும் பிசகிவிடும்.

ஜியாங், ஷூ 1996இல் செம்மைப்படுத்திய, பல செல்களின் மதிப்புகளை எடைபோட்டுச் சேர்க்கும் ஐந்தாம்படி வீனோ முறை வேறு தேவைக்கானது. மாக் 3 அலை சைன் வடிவ அடர்த்தியில் நுழையும் ஷூ–ஓஷர் சோதனையில், அலைக்குப் பின் எழும் நெருக்கமான முகடுகளை மஸ்கலின் லிமிட்டர் சீவிவிடும். வீனோ அவற்றைப் பெருமளவு காப்பாற்றும். கொந்தளிப்போ ஒலியோ அதிர்ச்சி அலையோடு கலக்கும் ஆய்வுகளில் அந்தக் கூடுதல் செலவு தகும். சிறகின் மேல் நிற்கும் ஓர் அலையின் இடத்தையும் அழுத்தத்தையும் மட்டும் கேட்கும் வேலைக்கு, அதே செலவில் மஸ்கல் கட்டத்தை நுணுக்கிக்கொள்வது மேல். தாவலைத் தொட்ட இடத்தில் வீனோவின் ஐந்தாம்படியும் முதல்படிக்குத்தான் இறங்குகிறது.