கிளாஸ் பூட்டா, திறன் தேர்வா? மொரீசியஸிலிருந்து ஆன்லைன் ஆர்பிஜி ஆடுவோருக்கு ஓர் ஒப்பீடு

போர்ட் லூயியில் இருவர், ரோஸ் ஹில்லில் இருவர் என்று நாலு பேர் சேர்ந்து புதிய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை வளர்த்து ஆடும் விளையாட்டு) தொடங்கும்போது முதல் வாக்குவாதம் பெரும்பாலும் கிளாஸைப் பற்றித்தான், அதாவது வீரர், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகையைப் பற்றித்தான் வரும். கேரக்டர் பிறக்கும்போதே கிளாஸைப் பூட்டிவிடும் ஆட்டம் நல்லதா, திறன்களை நம் இஷ்டத்துக்குக் கோத்துக்கொள்ளும் ஆட்டம் நல்லதா? இரண்டாவதில்தான் பன்மை அதிகம் என்று தோன்றும். நடந்தது வேறு.

அல்டிமா ஆன்லைனை எடுத்துக்கொள்வோம். 1997இல் வந்தது, கிளாஸே கிடையாது. அப்போது ஒரு கேரக்டருக்கு மொத்தம் 700 திறன் புள்ளி. ஒரு திறனின் உச்சம் 100. ஆக, 7 திறன்களை முழுதாக வளர்க்கலாம். ஐம்பது திறன்களிலிருந்து ஏழைப் பொறுக்கினால் கிட்டத்தட்ட 10 கோடிச் சேர்க்கைகள் வரும். ஆனால் ஆள்மீது ஆள் மோதும் சண்டையில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ‘டேங்க் மேஜ்’தான். வாள்வீச்சும் மந்திரமும் ஒரே உடம்பில்: மந்திரத்தை முன்கூட்டி ஓதி வைத்துக்கொண்டு, ஹால்பர்ட் என்ற நீள்பிடிக் கோடரியால் ஓங்கி அடித்த கையோடு அதையும் ஏவிவிடுவார்கள். ஒரு திறனின் ஓட்டையை இன்னொன்று அடைத்துவிடும்போது, அடைக்காமல் விட யாருக்கும் காரணம் இருப்பதில்லை. கிளாஸ் என்ற தடை செய்யும் வேலை அதுதான்: அந்த ஓட்டையைத் திறந்தே வைத்திருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறார்.

அதற்காக ஓடும் ஆட்டத்தின் நடுவே கிளாஸைக் கொண்டுவந்து திணிக்கவும் கூடாது. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸில் 250 திறன் புள்ளிகளை முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களில் பிரித்துப் போட முடிந்தது. 2005 நவம்பரில் அதையெல்லாம் 9 கிளாஸ்களாகச் சுருக்கினார்கள். கைவினைஞர், வியாபாரி என்று ஊரையே கட்டியெழுப்பியவர்களின் உழைப்புக்கு ஒரே இரவில் பொருளில்லாமல் போனது. ஆட்டம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது.

பூட்டிய கிளாஸுக்கு நல்ல உதாரணம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004இல் 9 கிளாஸ், இப்போது 13. முன்பின் தெரியாத ஐந்து பேர் ஒரு டஞ்சனில் (சிறு குழு புகுந்து சண்டையிடும் இடம்) நுழைந்தாலும் யார் அடி வாங்குவார், யார் ஆற்றுவார் என்பதை யாரும் கேட்கத் தேவையில்லை. தமிழும் கிரியோலும் பேசுகிற நம்மவர்கள் ஜெர்மன்காரர்கள் நிறைந்த குழுவில் சேரும்போது இது பெரிய உதவி. குறை, டேங்க் (எதிரியின் அடியைத் தன்மேல் வாங்குபவர்) பஞ்சம். காரணம் வெறும் கணக்கு: 20 பேர் ரெய்டுக்கு (பெரிய குழுச் சண்டை) இரண்டு டேங்க் போதும், அதாவது பத்தில் ஒருவர். ஐந்து பேர் டஞ்சனுக்கோ ஐந்தில் ஒருவர் வேண்டும். ரெய்டுக்கென்று வளர்த்த கூட்டம் டஞ்சனுக்கு வரும்போது பாதி டேங்குகள் குறைகின்றன. தாக்குபவர்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள்.

நம் தீவுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு: பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம். ஐரோப்பிய சர்வர்களுக்கு ஓர் அளவாகப் பாரிஸை எடுத்தால், அது இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 9,400 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால், போய்வர 94 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கவே முடியாது. கேபிள் சுற்றி வளைத்துப் போவதால் நடைமுறையில் 200ஐத் தாண்டிவிடுகிறது. எதிரி ஓதுவதைச் சரியான கணத்தில் தடுக்க வேண்டிய கிளாஸ்களில் இது வலிக்கும். நான் ஆணித்தரமாகச் சொல்வேன்: பூட்டிய கிளாஸின் பெரிய அநியாயம் இங்கேதான். எதுவும் தெரியாத முதல் நிலையில் தேர்வு செய்யச் சொல்கிறார்கள். அந்த கிளாஸ் 200 மில்லிசெகண்டைத் தாங்குமா என்பது உச்ச நிலைக்குப் போன பிறகுதான் தெரிகிறது. வார்கிராஃப்டில் ‘ஸ்பெல் க்யூ விண்டோ’வை (ஒரு மந்திரம் முடியுமுன்பே அடுத்ததை அழுத்தி வைக்க விடும் நேரம்) குறைக்கச் சொல்லும் ஐரோப்பிய ஆலோசனைகளைப் பின்பற்றாதீர்கள். இயல்பு அளவான 400 மில்லிசெகண்டிலேயே விடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் நடுவில் வெற்றிடம் விழும்.

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் பிங் அவ்வளவாக உறுத்தாது, ஆட்டமே 0.6 நொடிக்கு ஒரு துடிப்பாக நகர்கிறது. கிளாஸ் இல்லை, எல்லாத் திறனையும் 99 வரை ஏற்றலாம். ஆனால் 99க்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92ஆம் நிலையில்தான் பாதி தூரம். அங்கே ஆளுக்கு ஆள் வேறுபாடு என்பது கொட்டிய நேரம் மட்டுமே. வேலையும் பள்ளியும் உள்ளவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

எனக்குச் சரியாகப் படுவது நடுவழி: சண்டைக்குள் பூட்டு, வெளியே திறப்பு. ஃபைனல் ஃபேன்டசி 14இல் ஒரே கேரக்டர் எல்லா ஜாப்களையும் (அங்கே கிளாஸுக்கு அதுதான் பெயர்) கற்கலாம். ஆயுதத்தை மாற்றினால் ஜாப் மாறும், டஞ்சனுக்குள் போய்விட்டால் மாற்ற முடியாது. நாலு பேர் குழுவுக்கு ஒரு டேங்க், ஒரு ஹீலர் (ஆற்றுபவர்), இரண்டு தாக்குபவர். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான புயல் மாதங்களில் ஹீலர் வீட்டில் கரண்ட் போனால், வேறொருவர் ஹீலர் ஆயுதமான கோலை எடுத்துக்கொண்டு வெளியாள் ஒருவரைத் தாக்குபவராகச் சேர்த்து இரவைக் காப்பாற்றலாம். பூட்டிய கிளாஸில் அந்த இரவு போனதுதான். ஐரோப்பியக் குழுவின் இரவு 8 மணி அவர்களது குளிர்காலத்தில் நமக்கு 11, அவர்களது கோடையில் 10 என்பதால் இழக்கும் இரவு மலிவானதும் அல்ல.

இதிலும் விலை உண்டு. உயர்தரக் கவசம் வாங்கும் டோம்ஸ்டோன் (ஆட்டத்துக்குள் சம்பாதிக்கும் நாணயம்) வாரத்துக்கு 450தான், எல்லா ஜாப்களுக்கும் சேர்த்து. மார்புக் கவசம் ஒன்றுக்கே 825. ஆகவே இரண்டாவது ஜாப்பை அதே வகைக் கவசம் அணிவதாகப் பாருங்கள்: டேங்குகள் நான்கும் ஒரே கவசத்தைப் பகிர்கின்றன, ஹீலர்கள் நான்கும் அப்படியே. விலக்கு ஹீலர் மட்டும்: கரண்ட் போகும் இரவுக்காக நால்வரில் இருவர் அதைக் கூடுதலாக வளர்த்தால் போதும். மெஷினிஸ்ட், நிஞ்சா ஜாப்கள் இரண்டையும் 200 மில்லிசெகண்டில் எடுக்க வேண்டாம். குறுகிய இடைவெளிகளில் கூடுதல் செயல்களைச் செருகும்போது அடுத்த அடி தள்ளிப்போகும். வைட் மேஜ், பிளாக் மேஜ் பொறுத்துக்கொள்ளும்.

ஆல்பியன் ஆன்லைனும் இதே வழிதான். உடுத்தும் கவசமே திறனைத் தருகிறது. ஆனால் ஆபத்தான மண்டலத்தில் செத்தால் உடுத்தியதெல்லாம் போய்விடும். அங்கே ஐரோப்பா, ஆசியா இரண்டு சர்வரிலும் முதல் நாளே நால்வரும் பிங் பார்த்துவிடுங்கள். ஒன்றில் வளர்த்த கேரக்டர் இன்னொன்றுக்கு வராது.