கிளிக்குஞ்சு வளர்ப்புப் பெட்டி: பொடி நன்று, மற்றவை போதாது

பெங்களூரு சிவாஜிநகரில், ரசல் மார்க்கெட்டை ஒட்டிய பறவைக் கடை ஒன்றில் காக்கடீல் எனும் கொண்டையுள்ள சிறு வளர்ப்புக் கிளியின் குஞ்சு வாங்கியபோது, கூடவே ஒரு வளர்ப்புப் பெட்டியையும் வாங்கினோம். கைத்தீவனப் பொடி, சிரிஞ்சு, அதன் முனையில் மாட்டும் ரப்பர் குழாய், மரத்தூள், ஒரு குண்டு பல்பு ஆகியவை அதில் இருந்தன. முதல்முறையாகக் கிளி வளர்ப்பவர்கள் இதை முழுமையான ஏற்பாடு என்று நம்பி வாங்குவதால், பொருள் ஒவ்வொன்றையும் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

பொடியில் குறை சொல்ல எதுவுமில்லை. கட்டி தட்டாமல் கரைந்து, கரண்டியிலிருந்து மெல்ல வழியும் கூழாகிறது. பறவைகளுக்குப் பால் செரிக்காது என்பதால், பால் கலந்த குழந்தை உணவுக்குப் பதிலாக இத்தகைய பொடியைக் கொடுப்பதே சரி. ஒவ்வொரு வேளையும் புதிதாகக் கலக்க வேண்டும்; மீந்ததை எடுத்து வைக்கக் கூடாது.

பெட்டியின் பெருங்குறை, வெப்பமானி இல்லாததுதான். "விரலை விட்டுப் பாருங்க அக்கா, வெதுவெதுன்னு இருந்தா போதும்" என்றார் கடைக்காரர். அடுப்படியில் பழகிய விரலுக்கு வெதுவெதுப்பாகத் தெரிவது குஞ்சுக்குக் கொதிப்பாக இருக்கலாம். கூழ் 38 முதல் 41 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 43 டிகிரியைத் தாண்டினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்து புண்ணாகிவிடும், ஆறிப்போனாலோ உணவு செரிமானத்துக்கு இறங்காமல் அங்கேயே தங்கிப் புளித்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் கூழின் ஓரிடம் ஆறியும் ஓரிடம் கொதித்தும் இருக்கும் என்பதால், வெந்நீரில் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றி, நன்றாகக் கலக்கி, சமையலறை டிஜிட்டல் வெப்பமானியால் பார்த்த பிறகே ஊட்டுவது பாதுகாப்பானது.

சிரிஞ்சு அளவுக்கோடுகளுடன் நன்றாகவே இருக்கிறது. ரப்பர் குழாயை மட்டும் மாட்டவே வேண்டாம். அது கழன்று குஞ்சின் தொண்டைக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அலகின் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் நோக்கிச் சிரிஞ்சைப் பிடித்தால் கூழ் மூச்சுக்குழாயை விட்டு விலகி உணவுக்குழாய்க்குள் இறங்கும். பசித்த குஞ்சு தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டி வாங்கும். அந்த ஆட்டம் நின்றதும் நாமும் நிறுத்திவிட வேண்டும். நிறைந்த தீனிப்பை நீர் நிரப்பிய பலூனைப் போல மெத்தென்று இருக்க வேண்டுமே தவிர, விறைத்து நிற்கக் கூடாது.

குண்டு பல்பைப் பரிந்துரைக்க மாட்டேன். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. இறகுக் குருத்து முளைக்கும் பருவத்துக் குஞ்சுக்கோ 29 முதல் 32 டிகிரி வரை தேவைப்படுகிறது. பல்பு சூட்டோடு இரவெல்லாம் வெளிச்சத்தையும் கொட்டித் தூக்கத்தைக் கெடுக்கும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, குஞ்சு தொட முடியாதபடி அது தங்கும் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைப்பது நல்லது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சிறகை விரித்தால் சூடு மிகுதி. உடலைக் குறுக்கி நடுங்கினால் குளிர். மரத்தூளைக் குஞ்சு கொத்தி விழுங்கும் என்பதால் அதன் இடத்தில் டிஷ்யூ காகிதத்தை விரித்தோம்.

கிராம் காட்டும் எடைத்தராசும் பெட்டியில் இல்லை. தினமும் காலையில் முதல் ஊட்டலுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வைப்பதைவிட நம்பகமான கண்காணிப்பு வேறில்லை. தானாகத் தின்னத் தொடங்கும் பருவத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பு. அதற்கு முன்பே குறைந்தாலோ, இரவு ஊட்டிய கூழ் காலையிலும் தீனிப்பையில் தங்கியிருந்தாலோ, அன்றைக்கே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதே கடைவீதியில் பச்சைக்கிளிக் குஞ்சைத் தருவதாக யாரேனும் சொன்னால் வாங்காதீர்கள். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பொடியையும் சிரிஞ்சையும் தனியாக வாங்கி, மிச்சப் பணத்தை வெப்பமானிக்கும் தராசுக்கும் செலவிடுவதே என் பரிந்துரை. கையால் ஊட்டினால்தான் கிளி ஒட்டும் என்று கடையில் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. தானாகத் தின்னப் பழகிய இளங்கிளியும் அன்றாடம் பேசிப் பழகினால் தோளில் வந்து அமர்கிறது. வேலைக்குப் போகிறவர்கள், பல வேளை ஊட்ட ஆளில்லாத வீட்டார், அப்படிப்பட்ட கிளியையே கேட்டு வாங்க வேண்டும். அவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையே இல்லை.